சாமிக்கு முன்னால் ஒரு துண்டு

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் வீடு. பௌர்ணமிதோறும் வாசலில் சாம்பார் சாதம் கொடுப்போம். ஒரு வருடம் கடையில் சுரை விதை வாங்காமல், குப்பைமேட்டில் தானாக முளைத்த கொடியில் காய் பெரிதாக இருக்கிறதே என்று அதன் விதையை எடுத்துத் தோட்டத்தில் ஊன்றினேன். காய்த்துத் தள்ளியது.

முதல் காய்ப்பு சாமிக்கு என்று, பறித்த அத்தனையையும் பௌர்ணமி சாம்பாரில் போட்டேன். படைக்கும் முன் வாயில் வைக்கக் கூடாதே, உப்புகூடப் பார்க்கவில்லை. படைத்து முடித்துப் பரிமாறினேன். முதல் தொன்னை வாங்கியது கிரிவலம் வந்த ஓர் அம்மா; ஒரு வாய் வைத்ததுமே துப்பினார்.

"இன்னாம்மா இது, வெசமா கசக்குது!"

என் கணவர் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "யாருக்கும் குடுக்காத! கசப்புச் சுரைக்கா இது. எங்க பெரியப்பா இதத் தின்னுட்டுதான் ரத்தமா வாந்தி எடுத்தாரு."

அண்டாவை மூடினேன். "நான்தான் முழுங்கவே இல்லியே, வுடும்மா" என்றார் அந்த அம்மா. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. வெகுநேரம் அவரை வாசலிலேயே உட்காரவைத்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

இப்போதெல்லாம் கொடியில் ஒரு பிஞ்சைக் கிள்ளி ருசி பார்த்த பிறகுதான் விதைக்குக் காய் விடுகிறேன். நறுக்கும்போதும் ஒரு துண்டை நாக்கில் வைத்துவிடுவேன், படையல் சமையலானாலும். சாமி கோபித்துக்கொண்டால் என்னோடு போகட்டும்.