தண்ணீர் ஊற்றியது நான்தான்

தொண்ணூறுகளில் மைசூர் மண்டி மொஹல்லாவுக்குப் பின்னால் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அதில் கொத்தனார், நான் சித்தாள். அங்கேயே தகரக் கொட்டகையில் குடியிருந்தோம். கூடவே, எங்கள் ஊர் கோபிநத்தத்திலிருந்து பஸ்ஸில் சண்டை போட்டு நான் கொண்டுவந்த செம்மறி ஒன்று. மண்டியில் கழித்துப் போடும் முட்டைக்கோஸ் இலையைத் தின்றே அது கொழுத்துப் போனது. முதல் சினை. இன்னும் ஒரு மாதத்தில் ஈன வேண்டும் என்கிறபோது முன்னங்காலை நொண்ட ஆரம்பித்தது.

வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “கால் போன ஆடு தீனி எடுக்காது. இளைக்கறதுக்குள்ள கறிக்கடைக்குத் தள்ளிரலாம். ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்கறேன்.”

“வயித்துல உசுரு இருக்குதுங்க. சொல்ல உங்களுக்கு வாய் எப்படி வருது?” என்று நான் சோற்றுச் சட்டியை நங்கென்று வைத்தேன். அந்தக் குட்டியை மனசுக்குள் எத்தனை தடவை தூக்கிக் கொஞ்சியிருப்பேன், அவருக்கு என்ன தெரியும்? ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான்.

யார் செய்த வேலை இது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் வாட்ச்மேன். புதுசாக மேல்தளம் போட்டிருந்த கூடத்தில் நல்ல நிழல் என்று ஆட்டை நான் அங்கே கட்டிவிட்டுப் போவேன். திரும்பி வந்தால் அது வெளியே மணல் குவியலில் நிற்கும். கட்டினது ஓரிடம், நிற்பது ஓரிடம். அவிழ்க்கும்போது கல்லால் அடித்திருக்கிறார் என்று முடிவு கட்டி, எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டேன்.

“நான் அடிக்கல அம்மா,” என்றார் அந்தக் கன்னடக்காரர், தனக்குத் தெரிந்த தமிழில். “அங்க ஈரம். மணல்ல கட்டினேன். அஷ்டே, அவ்ளோதான்.”

“சிமெண்ட் மூட்டையக் காக்கறதுதான் உன் வேலை. என் ஆட்ட நான் பாத்துக்கறேன்,” என்று மறுபடி நிழலிலேயே இழுத்துக் கட்டினேன். அதோடு அவரோடு பேச்சை நிறுத்தினேன்.

கட்டட வேலைக்காரர்களுக்கு எந்த வலி வந்தாலும் அது சுளுக்குதான். தளத்துக்குப் பலகை அடிக்கும் ஆள் ஒருத்தர் சுளுக்கு வழிப்பதில் கெட்டிக்காரர். விளக்கெண்ணெய் போட்டு ஆட்டின் தோள்பட்டையை ஒரு இழு இழுத்தார். ஆடு விட்ட உதையில் ஜல்லியில் போய் உட்கார்ந்தார். அவர் இடுப்புக்கு வேறு ஆள் எண்ணெய் போட வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை ஆட்டைத் தள்ளுவண்டியில் ஏற்றி மாட்டாஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். டாக்டர் கொள்ளேகால் பக்கத்துக்காரர், தமிழ் பேசினார். தோளைத் தொடக்கூட இல்லை. நாலடி நடக்க விட்டுப் பார்த்தார்.

“காலத் தூக்கிப் பாத்தீங்களாம்மா?”

ஒருத்தரும் பார்க்கவில்லை. அவர் ஆட்டின் பாதத்தை மடக்கிப் பிடித்துக் கழுவினார். இரண்டு குளம்புக்கும் நடுவில் புளியங்கொட்டை அளவு சிமெண்ட் கட்டி இறுகிக் கிடந்தது. சுற்றிலும் தோல் வெளுத்து, ஊறி, புண்ணாகி நாறியது.

“எங்க கட்டறீங்க?”

“புதுத் தளத்துக்குக் கீழ, நெழல்ல.”

“அந்தத் தரை காஞ்சிருக்குமா?”

தளம் இறுக வேண்டுமென்று தினம் மூன்று வேளை மேலே ஏறிக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது யார்? நான்தான். அது சிமெண்டுப் பாலோடு கீழே சொட்டிக்கொண்டே இருக்கும். என் தண்ணீரில்தான் என் ஆடு நாள் பூராவும் நின்றிருக்கிறது.

டாக்டர் கட்டியை எடுத்து, குளம்பில் பிரிந்து நின்றதைச் சீவிவிட்டார். தினமும் மயில்துத்தம் என்கிற நீல உப்பைக் கரைத்த தண்ணீரில் கொஞ்ச நேரம் காலை நனைக்கச் சொன்னார். “குடிக்க விட்றாதீங்க, செம்மறிக்கு அது விஷம். அப்புறம் காஞ்ச எடத்துல கட்டுங்க. மருந்தே அதுதான்.”

திரும்பி வந்து ஆட்டை மணல் குவியலில் கட்டினேன். சாயங்காலம் நீலத் தண்ணீர்ச் சட்டியோடு நான் தடுமாறியபோது, வாட்ச்மேன் தானே வந்து ஆட்டின் வாயைச் சட்டிப் பக்கம் போகாமல் பிடித்துக்கொண்டார். மறுநாளும் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முட்டைக்கோஸ் இலையைக் காட்டினேன். நாலு காலையும் ஊன்றி ஆடு ஓடி வந்தது. லேசாக ஒரு விந்தல்தான். வீட்டுக்காரர் பல் குச்சியோடு பார்த்துவிட்டு, “சரி, கெடக்கட்டும்,” என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அந்த மணல் குவியலிலேயே அது ஈன்றது, இரண்டு குட்டி. என்னைக் கூப்பிட்டவர் வாட்ச்மேன்தான். குட்டியைத் துடைத்துக்கொண்டே, “தப்பு என் மேலதாண்ணா. நான் ஊத்தின தண்ணிதான்,” என்றேன்.

“தெரியும் அம்மா.”

“தெரிஞ்சா அன்னிக்கே சொல்லக் கூடாதா?”

“சொன்னேன். நீ எங்க கேட்ட?” என்று இரண்டாவது குட்டிக்குக் கையை நீட்டினார். நான் அதைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன்.