குடிசைக்கு நான்கு மூங்கில்

அக்கா பெரியவளானபோது எனக்கு ஒன்பது வயது. எங்கள் பக்கத்தில் வயதுக்கு வந்த பிள்ளைக்குத் தாய்மாமன்தான் புதிதாக மூங்கில் வெட்டி, தென்னோலை வேய்ந்து குடிசை கட்டித் தர வேண்டும். எங்கள் மாமா எங்கோ தூரத்தில் இருந்திருந்தாலாவது பரவாயில்லை. இதே மாத்தளை அலுவிகாரையில், எங்கள் வேலிக்கு அந்தப் பக்கமே இருந்தார். அதுதான் வினை.

மாமா தன் வாசலில் மஞ்சள் மூங்கில் வைத்திருந்தார். அழகுக்கு என்றுதான் நட்டாராம். பிறகு மிளகு பறிக்கிற ஏணி, கோழிக்கூடு, துணி காயப்போடும் கம்பு எல்லாம் அதிலேயே ஆயிற்று. சீகிரியா ஹோட்டல்காரர்கள் லொறியோடு வந்து வாங்கிப் போனார்கள். ஆனால் மூங்கிலுக்கு வேலி தெரியுமா? ஒரு மழைக்காலத்தில் அம்மா சமைக்கும் குசினிச் சுவரோரம் சிமெந்தைப் பிளந்துகொண்டு குருத்து வந்தது. அப்பா அதை வெட்டி, வேலிக்கு மேலால் மாமா வாசலுக்கே வீசினார். அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது மாமா வர வேண்டுமென்றால் வெற்றிலைத் தட்டோடு போய் அழைக்க வேண்டும். அப்பாவோ, "தாய்மாமனுக்கு தெரியாதா? வரணும்னா தானா வரட்டும்" என்று முறுக்கிக்கொண்டார். அம்மா சட்டிகளை டமார் டமார் என்று வைத்தாள். குடிசை இல்லாமல் சடங்கு இல்லை, சடங்கு முடியாமல் அக்கா வெளியே வர முடியாது.

"எனக்கு குடிசையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அடுத்த வாரம் டெஸ்ட்டு. ஸ்கூலுக்கு விட்டா போதும்" என்று மூலையிலிருந்து அழுதாள் அக்கா.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலிக்கும் மூலைக்குமாக நடந்தேன். மாமா மூங்கில் வெட்டும் கத்திச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மூன்றாம் நாள் பின்னேரம், இனிப் பொறுக்க முடியாது என்று ஆகிவிட்டது. சாமித் தட்டை எடுத்தேன். பின்பக்கத்துக் கொடியில் கைக்கு எட்டிய இலைகளைப் பறித்து அடுக்கினேன். வேலி இடுக்கால் நுழைந்து போய் மாமா முன்னால் நீட்டினேன்.

"அப்பா குடுத்துவிட்டாரு மாமா. வரச் சொன்னாரு."

மாமா ஓர் இலையை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். தட்டை வாங்கி வைத்துவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு மூங்கில் புதருக்குப் போனார்.

நான்கு கம்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் அதே தட்டோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"மச்சான், நீங்க அனுப்புன வெத்தல கெடச்சிச்சு" என்று தட்டை அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். செத்தேன் என்று நினைத்தேன்.

"ஆமா மச்சான். அனுப்பத்தான் கொஞ்சம் பிந்திப்போச்சு" என்றார் அப்பா. போய்க் கம்புகளின் மறுமுனையைப் பிடித்தார்.

இருட்டுவதற்குள் குடிசை எழும்பிவிட்டது. ரெண்டு பெரிய ஆட்களையும் ஏமாத்திட்டேன் என்று அக்காவிடம் பீற்றிக்கொண்டேன். அவசரத்தில் நான் பறித்துப் போனது வெற்றிலையே இல்லை. வெற்றிலை மாதிரியே இருக்கும் மிளகு இலை. பிறந்த நாளிலிருந்து மாத்தளையில் மிளகுக் கொடிக்கு நடுவில் வளர்ந்த இரண்டு பேருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? அன்றைக்குப் பொய் சொன்ன மூன்று பேரில் நான்தான் கற்றுக்குட்டி என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.