ஐந்து எண்ணுவதற்குள்

ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணியபடியே, குளிரில் புகையும் சிறு தொட்டியிலிருந்து விரல் நீள எஃகுத் துண்டை இடுக்கியால் எடுத்துத் தாங்கிகளின்மேல் வைத்து, அக்கா நெம்புகோலை விடுகிறார். உயரே நிற்கும் சுத்தியல் இறங்கித் துண்டை உடைத்துக்கொண்டு மறுபக்கம் எழுகிறது. “நாலு” என்கிறார். ஐந்தைத் தாண்டினால் துண்டின் குளிர் குறைந்துவிடும்; சோதனை செல்லாது.

திரவ நைட்ரஜன் சேமிக்கும் பெரிய தொட்டிகளில் பற்றவைத்த இடம், அத்தனை குளிரில் தாங்குமா, கண்ணாடியாய் நொறுங்குமா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் ‘அஞ்சு செகண்ட் அக்கா’. தேநீர் மட்டும் கொதிக்கக் கொதிக்க வேண்டும். உடைந்த துண்டுகளைத் துணியில் கிடத்தி, உறைபனி கரைந்ததும், குளிப்பாட்டிய குழந்தையின் காதைத் துடைப்பதுபோல ஒவ்வொன்றாகத் துடைப்பார். உடைந்த முகம் நார்நாராக மங்கியிருந்தால், “இது போராடியிருக்கு.” பளபளத்தால், “பாவம், பட்டுனு விட்டுடுச்சு.”

அக்காவின் கணவர் வெல்டர். வீட்டில் ஒரு வேலையாவது ஐந்து செகண்டில் நடக்கிறதா என்று அக்காவைக் கேட்கும்படி என்னிடம் சொல்லிச் சிரிப்பார். இத்தனை நாள் வாயிற்கதவும் ஜன்னல் கம்பியும் பற்றவைத்தவர், முதல்முறையாகத் தொட்டி வேலைக்குத் தேர்வு எழுதுவதுபோல ஒரு தகடு பற்றவைத்துக் கொடுத்திருந்தார். அதிலிருந்து வெட்டிய மூன்று துண்டுகளும் தேறினால் வேலை. கூடுதலாக ஒன்று, கைவசம் இருக்கட்டும் என்று.

வேறு ஆளை உடைக்கச் சொல்லட்டுமா என்று அதிகாரி கேட்டார். மற்றவர்கள் கைக்கு ஏழு செகண்ட் ஆகிறது என்று அக்கா மறுத்துவிட்டார்.

முதல் இரண்டும் தேறின. மூன்றாவது, தாங்கியில் வைக்கும்போது இடுக்கியில் சற்றே வழுக்கியது. சுத்தியல் இறங்கியது. துண்டு எவ்வளவு அடி தாங்கியது என்று காட்டும் முள், தேவையான அளவுக்கு மேலேயே நின்றது. அதிகாரி குனிந்து முந்தைய எண்ணை எழுதிக்கொண்டிருந்தார்.

“ஆறு,” என்றார் அக்கா. “செல்லாது சார். மிச்சத் துண்டைப் போடறேன்.”

அது குளிரில் ஊறப் பத்து நிமிடம். தொட்டியைப் பார்த்தபடியே நின்றார். பிறகு எடுத்தார். “நாலு.” முள் அளவுக்குக் கீழே நின்றுவிட்டது, உடைந்த முகம் பளபளத்தது. அதையும் மற்றவற்றைப் போலவே துடைத்தார்.

மதியம், என் ஜன்னலுக்குக் கீழே உள்ள பெஞ்சில் கணவர் காத்திருந்தார். அக்கா ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“நீ சொல்லலைன்னா யாருக்குத் தெரியப்போகுது?”

“தொட்டிக்குத் தெரியும்ல.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பாதியில் நின்றும்விட்டது.

“அடுத்த மாசம் இன்னொரு தகடு குடுக்கறாங்களாம். ஒரு வரிசை பத்தவச்சா ஆற விட்டு அடுத்தது போடுங்க. அவசரப்பட்டிருக்கீங்க.”

சொல்லிவிட்டுப் பிளாஸ்க் மூடியில் தன் தேநீரை ஊற்றினார். கணவர் குடிக்கும் பதத்துக்குச் சூடு தணியும்வரை, எதையும் எண்ணாமல், ஊதிக்கொண்டே இருந்தார்.