சட்பரிக்கு வடக்கே ஒரு மூஸ்

நேற்று யூனியன்வில்லில் ஒரு நண்பர் வீட்டு வாசலில் நனைந்த கம்பளிச் சுவெற்றர் ஒன்று தொங்கியது. அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், வீட்டுக்காரர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், ஒன்றும் நினைவில்லை. எண்பத்தாறாம் ஆண்டு ஒக்ரோபர் மழையில், சட்பரிக்கு வடக்கே ஒரு காட்டுக்குள் போய் நின்றுவிட்டேன்.

பருத்தி நனைந்தால் விறைத்துச் சாவாய், கம்பளி நனைந்தாலும் சூடு தரும் என்று எனக்குச் சொன்னவன் தவம். மட்டக்களப்பான். ஸ்காபரோவில் என் அறைத் தோழன், தொழிற்சாலையிலும் பக்கத்து மெசின். ஊர்க் காட்டில் மரை என்ற பெரிய மானை வேட்டையாடிப் பழகியவனுக்கு மூஸ் என்றால் இன்னும் பெரிய மரை, அவ்வளவுதான். அந்த வருடம் மூஸ் சுடும் அனுமதிக் குலுக்கலில் அவன் பெயர் விழுந்துவிட்டது! வேட்டைக்கு அடுத்த கிழமை ஊரிலிருந்து அவன் மனைவியும் பிள்ளைகளும் வருகிறார்கள். மூன்று வருடமாகக் காணாத முகங்கள்.

"வந்த அண்டைக்கே மரை இறைச்சிக் கறி ஆக்கிக் குடுக்கணும் மச்சான்" என்று தொழிற்சாலை முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

புறப்பட முன் தவம் போட்ட சட்டம்: குளிக்கச் சவர்க்காரம் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, பவுடர் கூடவே கூடாது. நானோ சுவாமி கும்பிட்டுவிட்டுப் பளிச்சென்று வந்து நின்றேன். "திருநீறு கிடக்கட்டும். சந்தனத்த அழி. மூஸுக்கு மணக்கும்" என்றான். காற்று எங்கள் முகத்தில் அடிக்கும்படி நடக்கவேண்டுமாம். ரோட்டுக்குத் தூரத்தில் சுடக்கூடாதாம், மாட்டைவிடப் பெரிய உடம்பை யார் சுமப்பது? விழுந்தவுடன் தோலை உரித்து ஆறவிடாவிட்டால் இறைச்சி கெட்டுப்போகுமாம். துவக்கு அவன் தோளில். எனக்குப் பை சுமக்கிற உத்தியோகம்.

இத்தனையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, ஒன்றுக்கு ஒதுங்கிய இடத்தில் வழியைத் தொலைத்தேன். திரும்பிப் பார்த்தால் எல்லா மரமும் ஒரே மரம். தங்கள் ஊர்க் காட்டில் ஆளைப் பிரிந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், கூ என்று நீட்டிக் குரல் கொடுப்பார்கள் என்று தவம் சொல்லியிருந்தான். இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூவினேன். "கூஊஊஊ!" பயத்தில் குரல் உடைந்து முனகலாக முடிந்தது. விடுவேனா, இன்னொரு தரம் கூவினேன்.

பதில் வந்தது. உறுமல்! பிறகு கிளைகள் முறியும் சத்தம். இணை தேடும் காலத்தில் பெண் மூஸ் அப்படித்தான் அழைக்குமாம், எனக்கு யார் சொன்னார்கள்? பற்றைகளை உடைத்துக்கொண்டு வந்து நின்றது பாருங்கள், ஒரு ஆண் மூஸ்! என் தலைக்கு மேலே அதன் முதுகு. கொம்பு கட்டில் அகலம். மூக்கால் ஆவி பறக்கிறது. முருகா என்று கும்பிடக் கை எழவில்லை.

அதற்குப் பின்னால் தவம், துவக்கை நீட்டியபடி. கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் தப்பாத தூரம். ஆனால் துவக்கு, மூஸ், நான், மூன்றும் ஒரே கோட்டில். விலகத்தான் நினைத்தேன், கால் கேட்டால்தானே!

தவம் துவக்கைத் தாழ்த்தினான். கையைத் தட்டி "ஓய்!" என்று கத்தினான். மூஸ் பக்கவாட்டில் ஒரே பாய்ச்சல், காடு மூடிக்கொண்டது.

ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான். நான் அழுதேன், அவன் சிரித்தான்.

"உன்ர கறி போச்சே மச்சான்."

"கோழி வாங்குவம். நட."

குடும்பம் வந்த அன்று கோழிக் கறிதான். தொழிற்சாலையில் மாதக்கணக்காக அவனைப் பகிடி பண்ணிச் சிரித்தார்கள். காரணம் நான் என்று அவன் ஒரு குஞ்சுக்கும் சொல்லவில்லை.

பிறகு அவனுக்குக் குலுக்கலில் சீட்டு விழவேயில்லை. தொழிற்சாலையை இடித்துவிட்டார்கள், துவக்கையும் விற்றுவிட்டான். இன்று மார்க்கத்தில் அவன் வீட்டுக்குப் போனால் மனைவி எங்களைச் சும்மா விடுவதில்லை. "மூஸ் கொண்டாறன் எண்டு போனவங்க வெறுங்கையோட வந்தாங்க" என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிக்கிறா.

தவம் என் பக்கம் பார்க்காமலே சொல்கிறான்:

"ஓம், ஒரு காலடித் தடத்தக் கூடக் காணயில்ல."