பிறகு வாசிக்கலாம் என்று எனக்கே அனுப்பியவை

காலையில் அலுவலக மின்னஞ்சலைத் திறந்தால், எனக்குக் கடிதம் போட்டிருப்பவன் பெரும்பாலும் நான்தான். அனுப்பியவர் பிரைட், பெறுபவர் பிரைட். உள்ளே வணக்கமோ நலம் விசாரிப்போ இருக்காது. ஒரு லிங்க் மட்டும் இருக்கும். அயர்லாந்தின் கார்க் நகரத்துக்கு வந்த நாளிலிருந்து, பிறகு வாசிக்கலாம் என்று எனக்கு நானே அனுப்பிக்கொண்டிருக்கிறேன். குளிர்நாட்டில் கறிவேப்பிலை வளர்ப்பது எப்படி, ரப்பர் விலை ஏன் ஏறவில்லை, பிள்ளைகளுக்குத் தாய்மொழி ஊட்டுவது எப்படி. கறிவேப்பிலை மூன்று முறை செத்தது. பிள்ளைகள் ஆங்கிலத்தில் சண்டை போடுகிறார்கள். ஆனாலும் ஒரு லிங்க்கை அனுப்பிய கையோடு அதைப் பாதி வாசித்துவிட்ட நிறைவு வந்துவிடும். மீதிப் பாதியை யார் கேட்கப் போகிறார்கள்? பக்கத்து மேசை பிரையன் ஒருநாள் என் திரையைப் பார்த்துவிட்டு, "இந்த பிரைட் உன்னை விடவே மாட்டான் போலிருக்கிறதே, உறவுக்காரனா?" என்று கேட்டான்.

அப்படி வாசிக்காமல் கிடந்தவற்றில் பெரும் பங்கு செல்வினுடையது. செல்வின் என் சித்தி மகன், என் வயதுக்காரன். வீடு கேரள எல்லையோரம் பாறசாலையில், பக்கத்து நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போன் பழுதுபார்க்கும் கடை. பள்ளியில் இருவருமே மலையாளம் படித்தவர்கள். சர்ச்சுப் பாட்டுப் புத்தகத்தை எழுத்துக்கூட்டித்தான் தமிழ் கற்றோம். அந்தத் தமிழை வைத்துக்கொண்டு, கடையில் ஆள் இல்லாத நேரத்தில், இணையத்தில் ஒரு பக்கம் திறந்து கடைக்கு வருகிறவர்களைப் பற்றி எழுதிவந்தான். அவன் வீட்டிலேயே அதை வாசிக்க ஆள் கிடையாது. பிள்ளைகள் தமிழில் பேசுவார்கள், எழுத்து தெரியாது. அதனால் ஒவ்வொன்றையும் எனக்கு அனுப்புவான்: "மக்கா, வாசிச்சிட்டுச் சொல்லு." நான் உடனே "சூப்பர் மக்கா" என்று பதில் போட்டுவிட்டு, லிங்க்கை எனக்கு அனுப்பிக்கொள்வேன். இதே காலத்தில்தான் கார்க் தமிழர் கூட்டத்தில் 'எல்லைத் தமிழை வாசிக்க ஆளில்லை' என்று கண் கலங்கப் பேசிக் கைதட்டு வாங்கினேன். மேடையிலிருந்து இறங்கும்போதுகூடச் செல்வினிடமிருந்து ஒரு லிங்க் வந்தது. அதையும் அனுப்பிக்கொண்டேன்.

சென்ற மாதம் செல்வினின் லிங்க் ஒன்று கைதவறிப்போனது. பெறுபவர் கட்டத்தில் 'பிரை' என்று அடித்தால் பிரைட்டும் வருவான், பிரையனும் வருவான். அவசரத்தில் பிரையனைத் தொட்டிருக்கிறேன். இரண்டு நாள் கழித்துத் தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபோது, அவன் குரலைத் தாழ்த்தி, "போன் சரியாகிவிட்டதா?" என்றான். "ஆமாம், திரையை மாற்றியாயிற்று" என்றேன். "உன்னுடையது அல்ல, உன் அப்பாவுடையது."

அப்பா இறந்து இரண்டு வருடமாகிறது. அதைச் சொன்னதும் அவன் முகம் சிவந்துவிட்டது. தான் வாசிக்க வேண்டும் என்றுதான் நான் அனுப்பியதாக நினைத்து, மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டு முழுவதும் வாசித்திருக்கிறான். 'மக்கா' வருகிற இடத்திலெல்லாம் இயந்திரம் 'மெக்கா' என்று எழுதியிருந்ததால், எங்கள் ஊர் அரேபியாவில் இருப்பதாக வேறு நினைத்திருக்கிறான். "ஊரை விடு. நன்றாக எழுதியிருந்தார்கள். உனக்குத் தெரிந்த கதைதானே?" என்றான். தலையாட்டிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன்.

அப்பா சனிக்கிழமைதோறும் எங்கள் ஊர் ஆரியங்கோட்டிலிருந்து பஸ் ஏறிச் செல்வின் கடைக்குப் போயிருக்கிறார். "எலே செல்வினு, போனு கேடாக்கும். அயர்லாண்டுலேருந்து ஒண்ணும் வரல்ல பாத்துக்க." போனுக்கு ஒரு கேடும் இல்லை. செல்வின் அதைக் கழற்றி, துடைத்து, மூடி, "இப்பம் சரியாச்சு பெரியப்பா" என்று கொடுப்பான். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் வருவார். நான் கூப்பிட்டுக்கொண்டுதானே இருந்தேன் என்று சத்தியம் செய்ய வாய் வருகிறது. யோசித்துப் பார்த்தால், அவர் கூப்பிடும்போதெல்லாம் 'பிறகு கூப்பிடுகிறேன்' என்று செய்தி அனுப்பியதுதான் நினைவில் இருக்கிறது. ஒருநாள் செல்வின் தன் போனிலிருந்து அவர் எண்ணுக்கு அடித்துக் காட்டியிருக்கிறான். கையில் போன் மணியடிக்க, அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பம் கேடு அங்கயாக்கும்" என்றாராம். அதற்குப் பிறகு அவர் கடைக்கு வரவில்லை என்று செல்வின் முடித்திருந்தான்.

மதிய இடைவேளையில் அவனைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம், பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல். நான் வாயைத் திறக்குமுன் அவனே ஆரம்பித்தான்.

"மக்கா, வாசிச்சியாலே! அயர்லாண்டுண்ணு முந்தாநாளே ஒண்ணு காட்டிச்சுது. நான் நம்பல்ல கேட்டியா."

"எங்கே காட்டிச்சு?"

"எழுதுற பக்கத்துல எந்த நாட்டுலேருந்து எத்தன பேரு வந்தாவண்ணு காட்டும். இத்தன வருசமும் உன் நாட்டுலேருந்து ஒரு ஆளு வந்ததில்ல. நீ சூப்பருண்ணு போடுவ, இங்க ஒண்ணும் காட்டாது. சரி, அவனுக்கு வேல இருக்கும்ணு விட்டுருவேன்."

ஆமாம், நான்தான் என்று சொல்லி அதோடு விட்டிருக்கலாம். அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம். சொல்லவும் செய்தேன். பிறகு அதை மாற்றி, "இல்லலே, முந்தாநாள் வந்தது என்கூட வேல பாக்குற வெள்ளைக்காரன். நான் இண்ணைக்குத்தான் வாசிச்சேன்" என்றேன்.

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும்.

"அவனுக்குப் பிடிச்சுதா?" என்றான்.

"பிடிச்சுது. அப்பா போனு சரியாச்சாண்ணு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"அப்பா இல்லைண்ணு சொன்னேன்."

"ம்ம். கடைக்கு ஆளு வந்திருக்கு மக்கா, பெறவு பேசுவோம்" என்று வைத்துவிட்டான்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து செல்வினின் பழைய லிங்க்குகளைத் தேடி ஒவ்வொன்றாகத் திறந்தேன். பாதிக்குமேல் அந்தப் பக்கம் இல்லை என்று வந்தது. அவனிடம் கேட்டு எழுதினேன். யாரும் வராத பழையவற்றைப் போன வருடமே அழித்துவிட்டதாகவும், பிரதி ஒன்றும் வைக்கவில்லை என்றும் பதில் வந்தது. வருத்தமோ கோபமோ அதில் இல்லை. பதிலுக்குக் கீழே, அப்பாவைப் பற்றிய கட்டுரைக்கு வந்தவர்களின் கணக்கைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். இந்தியா என்ற பெயருக்கு நேரே ஒருவர், அது அவனேதான். அயர்லாந்துக்கு நேரே இரண்டு பேர். அதில் ஒருவன் பிரையன். இன்னொரு அயர்லாந்துக்காரன் நான்.