எலுமிச்சம்பழமும் முதல் வளைவும்

நாகையாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை முடிந்து வந்தால் உட்கார மாட்டார். பந்தய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு அந்தச் சத்தம் எரிச்சலாக வரும். ஆனால் அவர் மலைச் சாலையில் இறங்குவதைப் பார்த்தவன் குறை சொல்ல மாட்டான். ஏற்றத்தில் அவரை முந்தியவர்களெல்லாம் இறக்கத்தில் அவர் முதுகைத்தான் பார்த்தார்கள்.

எழுபத்தைந்தாம் வருடம் தேசிய சைக்கிள் குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். கடைசிச் சுற்று கெந்திங் மலையில். உச்சியிலிருந்து ஒவ்வொருவராக இறங்க வேண்டும்; கடிகாரம்தான் எதிராளி. நாகையாவுக்கு முப்பது தாண்டியிருந்தது. இதை விட்டால் இனி இல்லை என்று அந்த வாரம் முழுக்கத் தூங்காமல் கிடந்தார்.

புறப்படும் இடத்தில் அவர் மனைவி புஷ்பவல்லி இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். புது லோரிக்கே வைக்கிறோம், இதற்கு வைக்கக் கூடாதா என்று கேட்டார். நாகையா பழத்தை நசுக்கிக்கொண்டு பாய்ந்தார். முதல் வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. பள்ளத்திலிருந்து தூக்கியபோது தொடை எலும்பு முறிந்திருந்தது.

பழம்தான் உயிரைக் காப்பாற்றியது என்று எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேச்சு. புஷ்பவல்லிதான் அதை எல்லோரையும்விட உரக்கச் சொன்னார். ஆஸ்பத்திரியில் நாகையா என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். விழுந்து கிடந்தபோது பார்த்திருக்கிறார்: பிரேக் கட்டையில் நசுங்கிய பழத்தோல் சிக்கியிருந்தது. தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள், வாயைத் திறக்காதே என்றார். நானும் திறக்கவில்லை. வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

கால் தேறியது, மனம் தேறவில்லை. விடுமுறை நாளென்றால் போர்ட் கிள்ளான் வரை மிதித்துவிட்டு வருவார்; வந்ததும் மறுபடி சக்கரத்தைச் சுற்றுவார். புஷ்பவல்லியும் பழக் கதையை விடவில்லை. இப்படியே வருடங்கள் ஓடின.

தொண்ணூற்றொன்றில் மூத்தவர்களுக்கு ஒரு பந்தயம் வைத்தார்கள், அதே மலையில். என் வேனில்தான் போனோம். வழி நெடுக நாகையாவின் கண் மனைவியின் கைப்பை மேலேயே இருந்தது. பெயரைக் கூப்பிட்டதும் அவரே கேட்டுவிட்டார்.

“பழம் எங்க, வல்லி?”

“கொண்டு வரலைங்க. நீங்க விழுந்த அன்னிக்கு சைக்கிள கழுவினது நாந்தானே. பிரேக்குல இருந்த தோல எடுத்துப் போட்டதும் நாந்தான்.” புஷ்பவல்லி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னு பயந்துதான் ஊரெல்லாம் அப்படி சொல்லிக்கிட்டு திரிஞ்சேன்.”

விசில் ஊதினார்கள். ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாத மனுஷன், சைக்கிளைப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.