தேவராஜ் அண்ணன் சட்டையில் குத்தியிருந்த ஜெர்மன் மெடல்

தேவராஜ் அண்ணன் போய்விட்டார். அந்தச் செய்திக்குக் கீழே நான் 'வாழ்த்துகள் அண்ணா, இன்னும் நிறைய மெடல் வாங்குங்க' என்று போட்டு, கைதட்டலும் வைத்திருந்தேன்.

பழைய ஃபேக்டரி ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் மெடலோடு நிற்கிற படம் வந்தது. படத்தைப் பார்த்தேன், கீழே இருந்ததைப் படிக்கவில்லை... பத்தாவது பரீட்சையையும் இப்படித்தான் எழுதினேன்.

மகள் போன் செய்து கத்தினாள். "அப்பா, அது சாவு மெசேஜ்! மொதல்ல டெலீட் பண்ணு!" அதற்குள் பாதிப் பேர் பார்த்தாகிவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆம்பூரில் ஒரு தோல் ஃபேக்டரியில் நானும் அவரும் ஒன்றாக இருந்தோம். அவர் ஷேவிங் மெஷின்... தோலை ஒரே கனத்துக்குச் சீவுகிற ஜெர்மன் மெஷின். சீவி வருவதை அடுக்குகிறவன் நான்.

அந்த மெஷின் அவருடைய வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது.

அடுத்து வந்த ஆயுத பூஜைக்கு முதலாளி எல்லோரையும் நிற்க வைத்து, அண்ணன் சட்டையில் ஒரு மெடலைக் குத்தினார். "ஜெர்மனி கம்பெனியே நம்ம தேவராஜுக்காக அனுப்பினது. சுத்த வெள்ளி!"

எல்லோரும் கைதட்டினோம். நான் கொஞ்சம் ஜாஸ்தியாகவே தட்டினேன். அதற்குப் பிறகு விரலைப் பற்றி யாரும் பேசவில்லை... அவரும்தான்.

சர்ச், கல்யாணம், ஓட்டுப் போடுகிற நாள், எதுவானாலும் அந்த மெடல் சட்டையில் ஏறிவிடும். பக்கத்து ஊரான மாதனூரில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களுக்கு அவர் பெயர் தெரியாது. 'மெடல்காரர்' என்றால் தெரியும்.

ஃபேக்டரி மூடிய பிறகு எனக்கு யூடியூப் பைத்தியம் பிடித்தது. வீட்டில் கிடக்கிற பழைய காசு லட்சக்கணக்கில் போகிறது என்பார்களே, அந்த வீடியோக்கள். சில்லறை டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்த என்னைப் பார்த்து என் வீட்டம்மா அடித்த கமெண்ட்டை இங்கே எழுத முடியாது.

ஒரு நாள் பழைய ஜெர்மன் மெடல்களைப் பற்றி ஒரு வீடியோ வந்தது. உடனே அண்ணனை வேலூரில் ஒரு பழைய காசுக் கடைக்குக் கிளப்பிக்கொண்டு போனேன்.

"விக்கிறதுக்கு இல்ல நைனா," என்றார் பஸ்ஸில். "ரெண்டு வெரலுக்கு இன்னா வெல போட்டான்னு தெரிஞ்சிக்கலாம்னுதான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பழைய காசுக் கடைக்காரர் லென்ஸை வைத்து மெடலின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "வெள்ளியா இருந்தா பெரும்பாலும் ஜெர்மன்காரன் ஓரத்துல சுத்தம் எவ்ளோன்னு நம்பர் அடிச்சிருப்பான். இதுல இல்ல. தேஞ்ச எடத்துல மஞ்சளா தெரியுது பாருங்க. உள்ள பித்தளை, மேல முலாம்."

பிறகு மெடலில் இருந்த ஜெர்மன் எழுத்தை மொழிபெயர்க்க, அதற்கு மேலே போனைக் காட்டினார். சுற்றிலும் மெஷின் கம்பெனியின் பெயர். கீழே இருந்தது தமிழில் வந்தது: 'எழுபத்தைந்து ஆண்டுகள். எங்கள் வாடிக்கையாளர்களுக்கு நன்றியுடன்.'

"அவங்க விழாவுக்கு அடிச்சது சார். மெஷின் வாங்கின ஓனருங்க எல்லாருக்கும் குடுத்திருப்பான். இதுல ஊக்கு மாட்ட ஓட்டை வேற போட்டுக்கிறீங்க... ஓட்டை போட்டத சேக்கறவங்க யாரும் தொட மாட்டாங்க."

"சரி, இன்னா தருவீங்க?" என்று கேட்டது அண்ணன் இல்லை, நான். வெட்கம் கெட்டவன்.

"பித்தளை வெலதான்."

அண்ணன் மெடலைக் கர்ச்சீப்பில் சுற்றினார். டீக்கடையில் கிளாஸைப் பார்த்தபடி சொன்னார்: "வீட்ல சொல்லிடாத நைனா."

சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் அவர் அதைக் குத்திக்கொண்டுதான் சர்ச்சுக்குப் போனார்.

அடக்கத்தன்று சவப்பெட்டிக்குள்ளும் அது சட்டையில் இருந்தது. முதலாளி வீட்டிலிருந்து பெரிய மாலை வந்தது. கொண்டுவந்தது டிரைவர்.

பெட்டியை மூடுகிற நேரத்தில் மூத்த மகன் குனிந்து மெடலைக் கழற்றினான். "அவரோடயே போவட்டும்டா," என்றார் அண்ணி. "வெள்ளிம்மா அது... மண்ணுல போட்டு இன்னா பண்றது?" என்றான். அவன்மேல் தப்பில்லை, ஷூ கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, இரண்டு பிள்ளைகள்.

கூட்டத்தில் என்னைத் தேடி வந்து காட்டினான். "சித்தப்பா, நீங்கதான் இதெல்லாம் பாக்கறவரு. இன்னா பெறும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பழைய காசு என்றால் வாயே மூடாத ஆள் நான்... "பத்திரமா வெச்சிக்கப்பா" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். பெட்டியை மூடிவிட்டார்கள்.

இன்று காலை அவன் போன் செய்தான். அந்தப் போன் வந்திராவிட்டால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

"சித்தப்பா, அடகுக் கடைல ஒரசிப் பாத்தாங்க. பித்தளையாம்... உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்பா."

"அப்பாவுக்கு?"

"தெரியும்."

பிறகு கேட்டான்: "அப்புறம் ஏன் கடைசி வரைக்கும் குத்திக்கினு இருந்தாரு?"

"பழக்கம்பா," என்றேன்.

போய் வாங்கண்ணா...

மெடல் இல்லாவிட்டால் எல்லோரும் உங்கள் கையைத்தான் பார்த்திருப்பார்கள் என்பதை அவனிடம் நான் சொல்லவில்லை.